நாற்பது கிலோவுக்காகச் சேலம் வரை

என் மனைவி ரோஸிக்கு நுரையீரல் இறுகிக்கொண்டே வருகிறது. மாற்று நுரையீரலுக்குக் காத்திருப்போர் பட்டியலில் பெயர் சேர அவள் நாற்பது கிலோவாவது இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வற்றிய உடம்பில் அறுவை செய்தால் புண் ஆறாதாம், கிருமி தொற்றுமாம், செயற்கை சுவாசத்திலிருந்து மீள்வதும் சிரமமாம். போன முறை முப்பத்தெட்டு. மறுபடி எடை பார்க்கத்தான் மார்ச் மாதக் காலையொன்றில் மல்லசமுத்திரத்திலிருந்து சேலம் கிளம்பினோம்.

தூரம் சுமார் முப்பது கிலோமீட்டர். வாடகை கார், போக வர ஆயிரத்து எண்ணூறு. ஆக்சிஜன் சிலிண்டரை அவள் காலடியில் பெல்ட்டால் கட்டினோம். சிலிண்டரின் அளவுமானியில் முள் இறங்குவதையே பார்த்துக்கொண்டு வந்தேன்; வழியில் என்ன இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஆட்டையாம்பட்டியில் டீக்கு நிறுத்தினோம். ஓட்டுநர் குமார் அவித்த முட்டை இரண்டு வாங்கி வந்தார். "தின்னுங்கக்கா, தெம்பா இருக்கும்."

"வேண்டாம்ங்க. தவக்காலமுங்க, ஈஸ்டர் வரைக்கும் கவுச்சி தொடறதில்லைங்க," என்றாள் ரோஸி.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தினமும் நான் அவித்துவைத்துவிட்டு வேலைக்குப் போகிறேனே, அந்த முட்டைகள்?

"பக்கத்து ஊட்டு நாய்க்குப் போட்டுட்டேனுங்க." சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கினாள். "நொரையீரல் கெடைக்கோணும்னுதான் நேந்துக்கிட்டேன்."

"கிறுக்கா புடிச்சிருக்குது உனக்கு? நோயாளிக்கு ஒருசந்தி நோம்பு இல்லைன்னு பாதரே பூசைல சொன்னாரே."

"உசுருக்குப் பயந்தவ பாதரக் கேட்டுக்கிட்டா நேருவா?"

கோபம் தணியாமலே சேலம் போய்ச் சேர்ந்தேன். மருத்துவமனைத் தராசு முப்பத்தாறரை காட்டியது. மருத்துவர் திட்டவில்லை. "நாற்பது வரட்டும், பிறகு பேசலாம்," என்றார். அதற்குப் பதில் திட்டியே இருக்கலாம்.

திரும்பும்போது அதே கடையில் நானே முட்டை வாங்கி உரித்தேன். "உன் நேர்ச்சைய நான் எடுத்துக்கறேன். இனி நான் கவுச்சி தொடமாட்டேன். நீ தின்னு."

"ஞாயித்துக்கெழம கறி இல்லாம உங்களால முடியுங்களா?"

"உனக்கு நொரையீரல் வர்ற வரைக்கும் முடியும்."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, இடையிடையே மூச்சு வாங்கி, முழு முட்டையையும் தின்றாள். குமார் காரைக் கிளப்பாமல் காத்திருந்தார்.

இப்படிப் பயணம் போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். சிலிண்டரில் பயண நேரத்தைவிட இரண்டு மணி நேரத்துக்கு அதிகமாகவே காற்று இருக்கட்டும். வெயிலில் நிற்கும் காரில் அதை விட்டுவிட்டு இறங்காதீர்கள். சாப்பாட்டை மூடிவைத்துவிட்டும் போகாதீர்கள். விழுங்கும் வரை எதிரில் உட்காருங்கள். நான் இப்போது வேலைக்குத் தாமதமாகத்தான் போகிறேன்.

நேற்று வீட்டுத் தராசில் முப்பத்தெட்டரை. ஈஸ்டர் முடிந்துவிட்டது. நான் இன்னும் கவுச்சி தொடவில்லை.