மூன்று தரம் கூப்பிட்ட பெயர்

போன கிழமை தெல்லிப்பழை ஆஸ்பத்திரி கிளினிக்கில் என் இலக்கத்தை ஒரு தரம்தான் கூப்பிட்டார்கள். நான் எழும்பவில்லை. எனக்குப் பின்னால் இருந்தவர் உள்ளே போய் மருந்துத் துண்டோடு வெளியே வந்த பிறகுதான் தாதிப் பிள்ளை என்னைக் கண்டுபிடித்து, "ஐயா, கூப்பிட்டது கேக்கேல்லையோ?" என்றாள். நல்லாய்க் கேட்டது. ஆனால் ஒரு தரம் கூப்பிட்டு எழும்பிப் பழகாத இடத்தில் காலம் தள்ளியவன் நான். அதை அவளுக்கு விளங்கப்படுத்த வெளிக்கிட்டால் அடுத்த கிளினிக் நாள் வந்துவிடும். திரும்பவும் வாங்கில் குந்தினேன்.

பக்கத்தில் இருந்தவர் தன்னுடைய கிளினிக் கொப்பியை விரித்தார். அலுமாரிக்குள் துணிகளோடு வைத்திருப்பார் போல, அந்துருண்டை மணம் குப்பென்று வந்தது. போச்சு. அந்த மணம் மூக்கில் பட்டால் நான் நேரே கோட்டுக் கோப்பறைக்குள்தான் போய் நிற்பேன்.

கோட்டில், அதுதான் நீதிமன்றத்தில், பதிவாளராக இருந்து இளைப்பாறியவன் நான். சனம் நீதிபதியைத்தான் கோடு என்று நினைக்கும். நீதிபதிமார் வருவார்கள், மாற்றமாகிப் போவார்கள். கோப்பும் சாவியும் சனத்தின் முணுமுணுப்பும் எங்களோடு கிடக்கும். "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டான்" என்று என் காதுபடவே சொல்லுவார்கள். பூசாரிக்காவது பொங்கலில் ஒரு பிடி கிடைக்கும், எங்களுக்குக் கிடைத்தது தும்மல். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்தபோது வீட்டுச் சாமான்களை விட்டுவிட்டுக் கோப்புகளை லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றித் தென்மராட்சிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு வேலி வழக்கின் கோப்பில் பாதியை ஆடு தின்றுவிட்டது. அதற்கும் வழக்கை இன்னொரு நாளைக்குத் தள்ளி ஒரு தவணை போட்டோம்.

தவணை என்ற சொல்லோடுதான் என் சீவியம் போனது. வழக்குப் பேசுகிற பிரக்கிராசியாருக்குக் காய்ச்சல், தவணை. காணி அளந்த படம் வரவில்லை, தவணை. அடுத்த முறை வந்தால் பழைய குருடி கதவைத் திறடி. சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனேன். ஆனாலும் பழக்கம் விடுகுதில்லை. குழாய் ஒழுகுது என்று மனிசி சொன்னால், "வாற கிழமை பாப்பம்" என்று வாய் தானாகச் சொல்லும். "இதென்ன உங்கடை கோடே, தவணை போட?" என்பாள்.

எங்கள் கோட்டில் பெயர் கூப்பிடுகிறவர் செல்லத்துரை அண்ணை. வழக்கை எடுத்ததும் விறாந்தைக்குப் போய், கட்சிக்காரரின் பெயரைத் தகப்பன் பெயரோடு மூன்று தரம் கூப்பிட வேண்டும். மூன்றாம் தரமும் வராதவர்தான் வராதவர். அண்ணை கூப்பிட்டால் சந்திக் கடையில் தேத்தண்ணி குடிக்கிற, வழக்கே இல்லாதவனும் எழும்பிவிடுவான்.

ஏழாலைப் பக்கத்தில் இருந்து மலர் என்று ஒரு பெண் வருவாள். புருசன் இல்லை, ஒரு மகள் மட்டும். அவள் இருந்த வீட்டுக் காணியைப் பங்கு பிரிக்கச் சொல்லிப் பெரியப்பாவின் மகன் வழக்குப் போட்டிருந்தான். எதிராளிகள் மலரும் அவளுடைய தம்பி யோகநாதனும். தம்பி கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். அவன் வந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் இறந்துவிட்டான் என்று பத்திரம் வர வேண்டும். இரண்டும் இல்லாமல் வழக்கு அசையாது. பத்திரம் எடுக்கச் சொல்லிச் சொல்லிப் பிரக்கிராசியார் அலுத்துப் போனார். மலர் எடுக்கவில்லை. ஒவ்வொரு தவணைக்கும் "சின்னத்துரை யோகநாதன்" என்று அண்ணை கூப்பிடுவார், யாரும் வரமாட்டார்கள், அடுத்த தவணை.

ஒருநாள் அண்ணைக்குத் தொண்டை கட்டிவிட்டது. வராத ஆள்தானே என்று ஒரு தரத்தோடு உள்ளே வந்துவிட்டார். மத்தியானம் மலர் என் மேசைக்கு வந்தாள்.

"ஐயா, இண்டைக்கு ஒருக்காத்தான் கூப்பிட்டவர்."

"ஆள் வராதெண்டு தெரியும்தானே, பிள்ளை."

"ஒருக்காக் கூப்பிட்டா அவன் வரமாட்டான் ஐயா. பொழுதுபட்டாப் பேய் பேர் சொல்லிக் கூப்பிடும், மூண்டு தரம் கூப்பிட்டாத்தான் மனிசர் எண்டு அம்மா சொல்லி வளத்தவ. உவன் பகலிலையும் மூண்டாந் தரம்தான் ஓமெண்டுவான். அதுக்கு எத்தினை அடி வாங்கினவன்."

சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து மேசையில் இருந்த செல்லத்துரை அண்ணையைப் பார்த்து, "அண்ணை, மிச்சம் ரெண்டையும் கூப்பிட்டு விடுங்கோ" என்றேன். மனிசன் எழும்பிப் போய், ஆளில்லாத முற்றத்தைப் பார்த்து அந்தக் கட்டின தொண்டையால் இரண்டு தரம் கூப்பிட்டார். மலர் கோட்டு வாசல் கேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ஊரில் அவளுக்கு முன்னால் தம்பியின் பெயரைச் சொல்லுவதைச் சனம் விட்டுவிட்டது, நல்ல மனதோடுதான். அவன் பெயர் உரத்துக் கேட்கிற ஒரே இடம் எங்கள் விறாந்தை. மற்றவர்களுக்குத் தவணை சனியன், அவளுக்கு அது தம்பியைக் கூப்பிடுகிற நாள்.

பிறகு மகளுக்குக் கலியாணம் பொருந்தியது. வீட்டை மகளின் பேரில் எழுதினால்தான் கலியாண எழுத்து என்று மாப்பிள்ளை பகுதி சொல்லிவிட்டது. தவணைக்கு முதல்நாள் மலர் ஒரு பையோடு வந்தாள்.

"பத்திரம் எடுத்திட்டன் ஐயா. இருக்கிற பிள்ளையையும் பாக்கவேணுமெல்லே. இதைக் குடுத்தா இனிக் கூப்பிடமாட்டியளோ?"

"கோப்பிலை இறந்தவர் எண்டு பதிஞ்சாப் பிறகு கூப்பிடுறேல்லை, பிள்ளை."

"அப்ப, நாளைக்குக் கூப்பிட்டு முடிஞ்சாப் பிறகு குடுக்கட்டோ?"

ஓம் என்றேன்.

அடுத்த நாள் செல்லத்துரை அண்ணை தொண்டைக்கு மல்லித்தண்ணி குடித்துவிட்டு வந்திருந்தார். மூன்று தரமும் கூப்பிட்டார். மூன்றாவதுக்குப் பிறகு உடனே உள்ளே வரவில்லை. நீதிபதி நிமிர்ந்து என்னைப் பார்த்தார், நான் கேற்றைப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வந்துவிடுவான் என்றுதான் பார்த்தேன். கேற்றடியில் ஒரு சைக்கிள் மட்டும் சாத்தி நின்றது. மலர் பத்திரத்தைப் பிரக்கிராசியாரின் கையில் கொடுத்தாள். வழக்கு அசைந்தது.

நான் இளைப்பாறின பிறகு ஒருமுறை அவளை நல்லூர் வீதியில் கண்டேன். வீடு மகளுக்கு எழுதியாயிற்று, பேரனும் பிறந்துவிட்டான் என்றாள். தம்பியின் பெயரை வைத்தீர்களோ என்று கேட்டேன்.

"இல்லை ஐயா. அவன் வந்தா ஆரைக் கூப்பிடுறதெண்டு குழம்பிப் போகுமெல்லே" என்றாள்.

செல்லத்துரை அண்ணை இப்போது இல்லை. போன வருசம் ஒரு சாட்சிக்காகப் பழைய கோட்டுப் பக்கம் போனேன். விறாந்தையை அடைத்து அறையாக்கி, சுவரில் ஒலிபெருக்கி பூட்டியிருக்கிறார்கள். அது பெயரை ஒரு தரம் சொல்கிறது, உடனே அடுத்த வழக்குக்குப் போய்விடுகிறது. யோகநாதன் வந்து அந்த முற்றத்தில் நின்றாலும் அதற்கு ஓமென்று சொல்லமாட்டான்.