கூரைக்காக வாங்கிய கையெழுத்துகள்

எங்கள் ஊர்ச் சிறு அருங்காட்சியகத்தின் முற்றத்தில் ஒரு நடுகல் நிற்கிறது. புலியைக் குத்தும் வீரன். வெயிலும் மழையும் பட்டு அவன் முகம் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. போகும்போதெல்லாம் கீழே விழுந்த சில்லுகளை எண்ணுவேன். ஆடியில் பதினேழு, ஆவணியில் இருபத்து மூன்று. மூக்கு போய்விட்டது. கூரை வேண்டும் என்று காப்பாளரை நச்சரித்தேன். ஊர் மக்கள் கையெழுத்திட்டுக் கேட்டால் மேலிடத்துக்கு எழுதலாம் என்றார் அவர்.

கையெழுத்து வாங்கக் கிளம்பினேன். துணைக்கு என் நண்பர். கம்பெனி பஸ்ஸில் இருபத்தொன்பது வருடம் என் பக்கத்து இருக்கை. எனக்குத் தமிழ் மட்டும்தான். அவருக்குத் தெலுங்கும் கன்னடமும் சரளம். அந்த மொழிகள் புழங்கும் எல்லையோர மத்திகிரி வாடகை வீடுகள், வேப்பனப்பள்ளி மாந்தோப்புகள் என்று பதினெட்டு நாள் அலைந்தோம். நான் ஐந்து நிமிடம் பேசுவதை அவர்கள் மொழியில் அவர் அரை நிமிடத்தில் சொல்லி முடிப்பார். பலர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். மரியாதை என்று நினைத்தேன். மொத்தம் அறுநூற்றுப் பதினான்கு.

மனு கொடுக்கப் போன காலை, முற்றத்தில் ஒன்பது பெண்கள். வீரனின் தலையிலிருந்து கால்வரை நல்லெண்ணெய் வழிந்தது. அதன்மேல் மஞ்சள், குங்குமம்.

"சாமிய எப்போ எங்க ஊருக்கு அனுப்புவாங்க?" என்றாள் ஓர் அம்மாள், தட்டுத்தடுமாறிய தமிழில். "கையெழுத்துப் போட்டா கோயில் கட்டி வெப்பாங்கன்னு சொன்னீங்களே!"

"நானா சொன்னேன்?"

"நீங்க தமிழ்ல சொன்னீங்க. இந்தண்ணா எங்களுக்குத் தெலுங்குல சொன்னாரு."

நண்பரைப் பார்த்தேன். அவர் வேப்பமரத்தைப் பார்த்தார்.

"என்னய்யா சொன்ன நீ?"

"கல்லு உதிருதுன்னா எவன் சார் நிப்பான்? மொத நாளு மூணு பேருதான். சாமி மழையில நனையுது, கையெழுத்துப் போட்டா உங்க ஊருல கோயில் கட்டி வெப்பாங்கன்னேன். வரிசையில வந்தாங்க."

"பதினெட்டு நாளும் பக்கத்துலதான நின்னேன். எங்கிட்ட ஒரு வார்த்த?"

"சொன்னா விட்டிருப்பீங்களா? தெனமும் எத்தன, எத்தனன்னு நீங்கதான கேட்டீங்க."

சத்தம் கேட்டு வெளியே வந்த காப்பாளர் பதறிப்போய்ப் பஞ்சால் ஒற்றினார். எண்ணெய் விரிசல்களுக்குள் இறங்கியிருந்தது. பஞ்சோடு புலியின் ஒரு காதும் வந்துவிட்டது.

அங்கேயே உட்கார்ந்து தாள்களைப் பிரித்தேன். அவர் வாய் திறக்காமல், நானே பேசி வாங்கியவை முப்பத்தெட்டு. அவற்றைக் காப்பாளரிடம் கொடுத்தேன். மற்றவற்றை நண்பர் கையில் வைத்தேன்.

"முப்பத்தெட்ட வெச்சு மேல எழுத முடியாதுங்களே சார்," என்றார் காப்பாளர்.

"தெரியும்."

"சாமிக்குக் கூரையாவது போடுவாங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் நண்பர் துண்டைப் போட்டு எனக்கு ஜன்னலோர இடம் பிடித்து வைத்திருந்தார். பதினோரு நிறுத்தமும் நின்றுகொண்டே வந்தேன்.