கணேசமூர்த்தி வீட்டு ஐரோப்பா

கணேசமூர்த்தி பெல்ஜியத்தில் படித்தது ஒன்பது மாதம். அதைப் பற்றிப் பேசுவதிலேயே மீதி ஆயுளைக் கழித்துக்கொண்டிருக்கிறார். மயிலாப்பூரில் முண்டகக்கண்ணி அம்மன் கோயிலுக்கு அடுத்த தெருவில் முதல் மாடி வீடு. பறக்கும் ரயிலில் தரமணிக்குப் போய், ஒரு தனியார் கல்லூரியில் ஐரோப்பியப் பொருளாதாரச் சட்டமும் உலக வர்த்தகச் சட்டமும் நடத்துகிறார். நீதிமன்றப் படியை ஒருநாளும் மிதித்ததில்லை. அங்கே எதிர்த்துப் பேச ஆள் இருப்பார்களே!

படித்த சட்டத்தை அவர் முதன்முதலில் பிரயோகித்தது மாமனாரிடம்தான். உலக வர்த்தகத்தில் ஓர் அடிப்படை விதி உண்டு: ஒரு நாட்டுக்குக் கொடுத்த சலுகையை மற்ற உறுப்பு நாடுகளுக்கும் கொடுத்தாக வேண்டும். மூத்த மாப்பிள்ளைக்குத் தலைதீபாவளிக்கு ஸ்கூட்டர் வந்ததாகத் தெரிந்ததும், மாமனார் பஞ்சாட்சரத்தை எதிரே உட்காரவைத்து இந்த விதியை விளக்கினார். பாலவாக்கத்துப் பெரியவர் மாப்பிள்ளையின் படிப்பை எண்ணிப் பூரித்துப்போய் ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தார். பிறகு பிரிட்ஜ். பிறகு ஏசி. இதில் கொடுமை, மூத்தவர் வாய்திறந்து எதையும் கேட்டதில்லை. கேட்டு வாங்கியதெல்லாம் சட்டம் படித்தவர்தான்.

அந்தப் பஞ்சாட்சரம் மனைவியை இழந்து, தனி வீட்டில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இனிமேல் தனியாக விடக்கூடாது என்றார் டாக்டர். மூத்த மகள் மஸ்கட்டில். இளையவள் சுலோச்சனா கணவனிடம் கண்ணீரோடு மன்றாடினாள்.

"நம்ம வீட்டுலயே வச்சுக்கலாங்க. அந்த முன் ரூம் சும்மாதானே கிடக்குது?"

"உணர்ச்சிவசப்படாத சுலோ. எந்த நாடா இருந்தாலும், உள்ள யாரை விடறதுன்னு ஒரு கொள்கை வேணும்."

சோபாவிலிருந்து கணேசமூர்த்தியின் அம்மா தங்கபுஷ்பம் ஒத்து ஊதினாள். "பொண்ணு வீட்டுல வந்து உக்காந்து சாப்பிட அவருக்கே கூச்சமா இருக்காதா?"

மகன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட அவளுக்குக் கூச்சமே இருந்ததில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய அன்று சுலோச்சனா ஆட்டோவைப் பாலவாக்கத்துக்கு விடவில்லை. நேரே மயிலாப்பூர். ஆட்டோக்காரர் கைத்தாங்கலாகப் பிடிக்க, மாடி ஏறிய பெரியவர் வாசற்படிக்கு வெளியே நின்றுவிட்டார்.

"மாப்பிள்ளை வான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும்மா. அப்புறம் வர்றேன்."

செருப்பு ஸ்டாண்டை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அவர். மடியில் மருந்துப் பை.

கூடத்தில் கணேசமூர்த்தி ஆன்லைன் வகுப்பில் முழங்கிக்கொண்டிருந்தார். "ஐரோப்பிய ஒன்றியத்துல ஒரு நாட்டுக்காரர் இன்னொரு நாட்டுக்கு வேலைக்குப் போனா, மனைவி, பிள்ளைங்க மட்டுமில்ல, தன்னையே நம்பியிருக்கற அப்பா அம்மாவையும் கூட வச்சுக்கலாம்!"

"சார், வைஃபோட அப்பா?" மெஹக் என்ற மாணவியின் குரல்.

"குட் கொஸ்டின் மெஹக்! அவரும்தான். தள்ளாத வயசுல ஒருத்தரை வாசல்ல நிறுத்தி வைக்கறது காட்டுமிராண்டித்தனம். அரசாங்கமே நினைச்சாலும் சும்மா தடுத்துட முடியாது!"

வகுப்பு முடியக் காத்திருந்த சுலோச்சனாவின் உள்ளத்தில் ஏதோ அறுந்தது. விடுவிடென்று வெளியே போனாள். "அவர் சொல்லிட்டாருப்பா, வாங்க" என்று தகப்பனின் கையைப் பிடித்து, நடத்தி, கணவனின் முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"சார், பின்னாடி யாரோ நிக்கறாங்க."

கணேசமூர்த்தி திரும்பிப் பார்த்தார். "அது... ஏசி பார்க்க வந்திருக்கார்."

பெற்ற மகளைக் கொடுத்த மனிதர், தலையைக் குனிந்துகொண்டார். சுலோச்சனா கேமரா முன்னால் குனிந்தாள்.

"ஏசி வாங்கிக் குடுத்தவரும்மா. எங்கப்பா. கீழ விழுந்துட்டார். இனிமே எங்களோடதான் இருக்கப்போறார்."

"வணக்கம் தாத்தா!" என்றாள் மெஹக். மற்ற பிள்ளைகளும் கத்தினார்கள். பெரியவர் உட்காரவில்லை. மாப்பிள்ளையின் வாயையே பார்த்து நின்றார். திரையில் அத்தனை முகங்களும் அதே வாயைப் பார்த்தன.

மாமனாரைத் துரத்தலாம், மாணவர்கள் எதிரில் சின்னவனாக முடியுமா? "வாங்க மாமா. உக்காருங்க" என்றார்.

அந்த வார்த்தைக்குப் பிறகுதான் கிழவர் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வகுப்பை அணைத்ததும் சீறினார் கணேசமூர்த்தி. "மூணு மாசம்தான்! ஐரோப்பாவுலயும் அதுவரைக்கும்தான் கேள்வி கேக்காம விடுவாங்க."

"அதுக்கப்புறம் என்னன்னு உங்க கிளாஸ்லயே கேட்டுக்கலாங்க. மெஹக் நல்லா கேள்வி கேக்குது."

தங்கபுஷ்பம் சீரியல் சத்தத்தை ஏற்றிவைத்தாள். முன் அறையில் கட்டில் போடப்பட்டது.

அடுத்த வாரம் வகுப்பில் கணேசமூர்த்தி கதையை ஆரம்பித்தார். "சட்டம்ங்கறது புத்தகத்துல இருந்தா போதாது. நானே பாலவாக்கம் போயி, மாமா, கிளம்புங்க, இது உங்க வீடுன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்..." திரையெங்கும் கைதட்டும் பொம்மைகள் பறந்தன. மனிதர் அசையாமல் வாங்கிக்கொண்டார்.

முன் அறையில் சுலோச்சனா ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தாள்.

"என்னம்மா, மாப்பிள்ளை என்னைப் பத்தி என்னவோ சொல்றாரே?"

"பாடம் நடத்தறாருப்பா. நீங்க சாப்பிடுங்க."