முஸ்அப் நிறுத்திய இடம்

எங்கள் வெள்ளவத்தை அலுவலகத்தில் அகீலாவுக்குக் கோபம் வந்தால் கீபோர்டுக்குத்தான் முதல் அடி. பாமன்கடையிலிருந்து சோற்றுப் பார்சலோடு வருவாள். நிரல் எழுதுவது அவள் வேலை; பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். பார்வையற்றவர்களுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டும் செயலி ஒன்றை நாங்கள் விற்கிறோம். அதை எழுதியவர் முதலாளி கிளறன்ஸ். அதில் வேறு யாரும் கை வைக்கக் கூடாதாம். அந்தப் பெருமையை நினைத்தாலே எனக்குக் குமட்டும்.

மட்டக்குளி முஸ்அப் அந்தச் செயலியை நம்பித்தான் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப் படித்தான். இதுதான் அவனுக்குக் கடைசித் தடவை. நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டால் புத்தகம் பின்னுக்குப் போகிறது என்று பலமுறை முறையிட்டான்.

"கண் தெரியாத பெடியன். பிழையான பட்டனை அமத்தியிருப்பான்," என்று வடையைக் கடித்தபடி கிளறன்ஸ், போனில் அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே எங்களிடம் சொன்னார். சீ, அதுவும் ஒரு வாயா!

அகீலா அவரிடம் கேட்காமலே செயலியின் நிரலைத் திறந்தாள். ஒரு தமிழ்ப் புத்தகத்தை ஓடவிட்டு, நடுவில் நிறுத்தி, மறுபடி போட்டாள். செயலி பழைய அத்தியாயம் ஒன்றுக்குத் தாவி, அங்கே உடைந்து கிடந்த எழுத்தைக் "கேள்விக்குறி" என்று வாசித்துத் தொடங்கியது. கிளறன்ஸ் வாசித்த எழுத்துகளை எண்ணி அந்த எண்ணையே இடமாகக் குறித்திருந்தார். கோப்போ பைட் என்ற சேமிப்பு அலகுகளால் இடத்தைக் கணக்கிடும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் குறைந்தது மூன்று. அதனால்தான் பின்னுக்குப் போய், ஓர் எழுத்தின் நடு வயிற்றில் விழுந்தது. நின்ற இடத்தைக் கோப்பிடமே கேட்டு, அது சொல்வதை அப்படியே திருப்பிக் கொடுத்திருந்தால் போதும்.

"நாங்க ஆறு பேரும் தமிழ் ஆக்கள். டெஸ்ட் பண்ணினது முழுக்க இங்கிலீஷ் புத்தகம். தூ!" என்றாள் அகீலா. கீபோர்டு அதிர்ந்தது.

அன்றைக்கே திருத்தி முடித்து, ஸ்பீக்கரில் போட்டு முஸ்அப்புக்கு அழைத்தாள்.

"தம்பி, சரியாக்கிப் போட்டன். சோதினைக்கு இன்னும் ஒரு கிழமை கிடக்கு."

"வேணாம் மிஸ். நான் பேர வாபஸ் வாங்கிட்டேன். ஒரு பட்டனயே சரியா அமத்தத் தெரியாத நான் எப்பிடி சட்டம் படிக்கிற? உங்கட ஒபீஸ்லயே சொன்னாங்களே."

"ஐயோ தம்பி, உங்களில ஒரு பிழையும் இல்ல. பிழை எங்கடது!"

அதற்குள் உள்ளறையிலிருந்து கிளறன்ஸின் குரல் வந்தது.

"பாத்தீங்களா? அவனே ஒத்துக்கொள்றான்."

முஸ்அப்பிடம் நேரிலேயே சொல்ல அகீலா பையை எடுத்துக்கொண்டு மட்டக்குளி பஸ்ஸுக்கு இறங்கினாள். அந்த மனுசனோடு ஒரே காற்றைச் சுவாசிக்கவே அருவருத்து, நானும் அவள் பின்னால் போனேன்.