தடிப் புத்தகமும் வசந்தியின் நோட்டும்

என் மகள் கம்ப்யூட்டர் படிப்பின் கடைசி வருடத்தில் விண்டோஸ் போன்ற லினக்ஸ் இயங்குதளத்தைக் கற்க வேண்டியிருந்தது. "வசந்திக்கா நல்லா சொல்லித் தருவாங்கம்மா, வூட்டுக்கு வரச் சொல்லட்டா?" என்றாள். வசந்தி அதே படிப்பை முந்தின வருடம் முடித்தவள். ஊருக்கு ஒதுக்குப்புறமான குடியிருப்பைச் சேர்ந்தவள். தெருவில் என்ன பேசுவார்களோ என்று பயந்தேன். "அவ எதுக்கு இங்க? புக்கு வாங்கித் தரேன், பாத்துப் படி" என்றேன்.

காஞ்சிபுரத்தில் இருப்பதிலேயே தடியான புத்தகத்தை, கூடவே சிடி இருக்கிறதே என்று வாங்கினேன். அது அனுபவசாலிகளுக்கானது என்பது எனக்குத் தெரியவில்லை. காலிக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றும் முறை மட்டுமே அதில் இருந்தது. மகள் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அப்படியே செய்தாள். ஹார்ட் டிஸ்க் முழுவதும் அழிந்தது. வேறு நகல் இல்லாத அவளுடைய புராஜெக்டும் போனது.

பதறிப்போய் வசந்தி வீட்டு வாசலில் நின்றேன். "அழிஞ்சது வராதும்மா" என்றவள், உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தாள். "உங்க பொண்ணுக்குன்னுதான் எழுதி வெச்சிக்கினு இருந்தேன்." முதல் பக்கத்தில், முதல் வரி: 'எதையும் தொடும் முன் எல்லாவற்றையும் சிடியில் காப்பி எடு.'

மகளுக்கு ஒரு வருடம் வீணானது. இப்போது நானே வசந்தியை வீட்டுக்கு அழைக்கிறேன். "இருக்கட்டும்மா, அவளே இங்க வரட்டும்" என்கிறாள். தினமும் மகளை நானே அங்கே கொண்டுபோய் விடுகிறேன். தெரு பார்க்கத்தான் செய்கிறது.