வரிக்குப் பயந்து எழுதிக் கொடுத்த லைன் வீடு

குடியிருப்பவரைக் காலி செய்ய வைக்கும் வித்தை எனக்குத் தெரிந்த அளவுக்குத் தெரிந்தவர் திருப்பூரில் குறைவு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுகிறேன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் தப்பு இருக்காது.

மடத்துக்குளத்திலிருந்து வந்து, பனியன் கம்பெனியில் தைத்து வரும் துணியை மடித்து அடுக்கும் கைமடியாக வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு டெய்லர், பிறகு நாலு மெஷின் போட்ட கான்ட்ராக்டர். மங்கலம் ரோட்டில் கருவேல முள் மண்டிக் கிடந்த இடத்தை நான் வாங்கியபோது என் மச்சினன் சிரித்தான். "மாப்ள, ஆடு மேய்க்கறதுக்கா?" என்றான். அந்த முள்ளை வெட்டி ஏழு வீடு ஒரே வரிசையில் கட்டினேன். ஒவ்வொன்றிலும் ஒரு ஹால், ஒரு சமையலறை. கோடியில் பொதுவாகக் குளியலறை. இன்ஜினியர் வைக்கவில்லை. நூல் பிடித்தது நான், கல் சுமந்தது நான். அந்தச் சுவரில் ஒரு விரிசல் காட்டினால் மீசையை எடுத்துக்கொள்கிறேன். சிரித்த மச்சினன் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறான்.

வாடகை பாக்கிக்காக நான் காலி செய்யச் சொன்னவர்கள் மிகக் குறைவு. சனிக்கிழமை சம்பளம் போடும் ஊர் இது. ஞாயிறு காலை வாசலில் போய் நின்றால் காசு வந்துவிடும். காரணம் வேறாக இருக்கும். தனி ஆள் என்று சொல்லிக் குடிவந்தவன் ஊரிலிருந்து ஒரு கூட்டத்தையே கூட்டிவந்து படுக்க வைப்பான். குடிக்கிற தண்ணீரில் பைக் கழுவுவான். சில நேரம் அவன் மேல் ஒரு குற்றமும் இருக்காது. பக்கத்துத் தெருவில் வாடகை ஏறியிருக்கும். பழைய ஆளிடம் ஏற்றிக் கேட்கக் கூச்சம், புது ஆளிடம் கூச்சம் கிடையாது, அவ்வளவுதான். எதுவானாலும் உள்ள காரணத்தைச் சொல்லக் கூடாது. சொன்னால் அதைச் சரிசெய்துவிட்டு அங்கேயே இருந்துவிடுவான். பெயிண்ட் அடிக்க வேண்டும், சொந்தக்காரர் வருகிறார், தண்ணீர் போதவில்லை. இதில் ஏதாவது ஒன்று போதும்.

ஆனால் கர்ப்பிணி இருக்கும் வீட்டை மட்டும் நான் தொட்டதில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் வாயும் வயிறுமாக இருந்தால் அந்த வீட்டுச் சுவரில் ஆணிகூட அடிக்க மாட்டார்கள். வீடு மாற்றவும் மாட்டார்கள், மாறச் சொல்லவும் மாட்டார்கள். குடித்துவிட்டு என் சட்டையைப் பிடித்தவன் ஒருவன் உண்டு. அவன் மனைவி அப்போது முழுகாமல் இருந்தாள். குழந்தை பிறந்து தீட்டுக் கழித்த பிறகுதான் சாமானை எடுக்கச் சொன்னேன். அதுவரை அவனைப் பார்த்தால் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தெருவின் மறுபக்கம் போய்விடுவேன். பயமில்லை, கை நீட்டிவிடுவேனோ என்றுதான்.

முதல் வீட்டில் கட்டிங் மாஸ்டர் பாய் இருந்தார். லைன் கட்டிப் பால் காய்ச்சிய மாதமே குடிவந்தவர். அவர் மகள் அந்த வாசலில்தான் தவழ்ந்தாள், அங்கிருந்துதான் பள்ளிக்கூடம் போனாள், அங்கிருந்துதான் சாமளாபுரத்துக்குக் கல்யாணம் ஆகிப் போனாள். என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவாள். அந்த வீட்டுக்கு நான் வாடகை ஏற்றியதெல்லாம் பாயே கேட்டு ஏற்றியது. "எல்லாருக்கும் ஏத்திப்போட்டு எனக்கு மட்டும் உட்டா நல்லா இருக்காதுங்கண்ணா" என்பார். அப்படி ஒரு ஆள்.

வினை வந்தது ஐந்தாம் வீட்டில். எக்ஸ்போர்ட் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்த மதுரைப் பக்கத்துத் தம்பி ஒருவன் அங்கே இருந்தான். வாடகையைப் போனிலேயே அனுப்புவான். கையில் கொடு என்றால், "எல்லாம் ரூவாதாண்ணே, எதுல வந்தா என்ன?" என்பான். ஒருநாள், "கம்பெனில வீட்டு வாடகைக்கு வரி கழிப்பாங்கண்ணே, ஒங்க பான் கார்டு வேணும்" என்றான். அவனுக்குக் கழிகிற வரிதானே, நமக்கென்ன என்று கார்டை எடுத்து நீட்டினேன். படம் எடுத்துக்கொண்டான். என் வாழ்க்கையிலேயே நான் இலவசமாகக் கொடுத்த பொருள் அது ஒன்றுதான்.

அவனுக்குக் கழிந்தது எனக்கு வந்து சேர்ந்தது. இன்னாரிடம் வாடகை வாங்கியிருக்கிறீர்கள், உங்கள் கணக்கில் காணோமே என்று வருமான வரி ஆபீசிலிருந்து கேள்வி வந்தது. நான் வாடகை வருமானத்தை முழுசாகக் காட்டியதில்லை. ஏன் காட்ட வேண்டும்? வீட்டு வரி கட்டுகிறேன், தண்ணீர் வரி கட்டுகிறேன், குப்பைக்குக்கூட வரி கட்டுகிறேன். குப்பை அங்கேயேதான் கிடக்கிறது.

அந்தத் தம்பியைக் கூப்பிட்டு, சொந்தக்காரர் வருகிறார், வீட்டைக் காலி செய் என்றேன்.

"யாருண்ணே அந்தச் சொந்தம்?"

"எம் புத்திதாந் தம்பி. உங்கிட்ட கார்டக் குடுத்தப்ப ஊருக்குப் போயிருந்துது. இப்பத்தான் திரும்பி வருது, தங்க எடம் வேணுமல்லோ."

அவனும் சிரித்துவிட்டான். மறு வாரமே போய்விட்டான்.

ஆனால் கேள்வி போகவில்லை. என் மகன் சொந்தமாகக் கம்பெனி நடத்துகிறான். அவனுடைய ஆடிட்டரிடம் போனேன். விசிறியைக் கூட்டி வைத்து, காபி வரவழைத்து, மெதுவாகச் சொன்னார். "ஏழு வாடகையும் உங்க ஒருத்தர் தலையில சேருதுங்க. பையன் கம்பெனி இப்ப நஷ்டத்துல ஓடுது. ஊடு பையன் பேருல இருந்தா வாடகைய அந்த நஷ்டத்துல கழிச்சுக்கலாமுங்க. அப்பன் மகனுக்கு எழுதறதுல பத்திரச் செலவும் கம்மி."

"அப்ப வாடகை யாருக்குங்க?"

"பேப்பர்லதானுங்க பையனுக்கு. அனுபவிக்கப் போறது நீங்கதான்."

என் ஆயுள் வரைக்கும் எனக்கே என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டேன். அப்படிச் சேர்த்தால் வரியும் திரும்ப என் தலைக்கே வரும் என்றார். அடுத்தவனிடம் ஒரு சென்ட் வாங்குவதென்றால் வில்லங்கம் பார்த்து, எல்லைக் கல் பார்த்து, வக்கீலைப் பார்த்து, விற்கிறவனின் கொழுந்தியா வரைக்கும் விசாரித்து வாங்குகிறவன் நான். ஏழு வீட்டையும் மகனுக்கு எழுதும்போது பத்திரத்தை ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லக்கூட இல்லை. எங்கள் பக்கத்தில் அப்பன்மார் பாதிப்பேர் இப்படித்தான். ஊரானை நம்ப மாட்டோம். பெற்றதை நம்பி, ரிஜிஸ்டர் ஆபீசில் சிரித்துக்கொண்டே கைரேகை வைப்போம்.

கொஞ்ச நாள் ஒன்றும் தெரியவில்லை. ஞாயிறு தோறும் வழக்கம் போல லைனுக்குப் போய் நின்றேன். பிறகு குடியிருந்தவர்கள் வாடகையை மகனுக்கே போனில் அனுப்பத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாகக் காலியாயிற்று. ஏழு வீட்டையும் ஒரு கம்பெனிக்கு மொத்தமாக விட மகன் பேசி முடித்திருந்தான். ஒடிசாவிலிருந்து வரும் பையன்களுக்கு ஹாஸ்டல். ஒரே ஆள், ஒரே வாடகை, வரி பிடித்துக்கொண்டு பேங்கில் போட்டுவிடுவார்கள். எனக்கு விஷயம் தெரிந்தது காலி செய்துகொண்டு போனவர்கள் சொல்லித்தான்.

அந்த நேரத்தில்தான் பாய் மகள் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். தலைப்பிரசவம் பெண்ணைப் பெற்றவர் வீட்டில்தான் நடக்க வேண்டும். அவர்களிலும் அப்படித்தான், எங்களிலும் அப்படித்தான். பாயின் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பக்கத்து ஊடெல்லாம் சாமான் ஏத்திட்டாங்கண்ணா. எங்களையும் போகச் சொல்லுவாங்களா? புள்ளைக்கு நாள் நெருங்குது."

"அட, நீ ஒண்ணும்மா. வவுத்துப் புள்ளக்காரி இருக்கற ஊட்ட எவன் காலி பண்ணச் சொல்லுவான்? பொறந்து, தவழ்ந்து, எந்திரிச்சு நடக்கற வரைக்கும் இது உங்க ஊடு. நாஞ் சொல்றேன் போ."

நான் சொன்னால் சொன்னதுதான். இந்த ஊரில் என் வாய்ச் சொல்லுக்கு நூல் மில்காரன் லோடு இறக்கியிருக்கிறான், செக் கேட்காமல்.

அன்று சாயங்காலம் மகன் மாடிக்கு வந்தான். என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்த பிறகு அவன் வீட்டு மாடியில்தான் நான் இருக்கிறேன்.

"ஏனுங்கப்பா, பாய் ஊட்டுல என்ன சொன்னீங்க?"

"பிரசவம் முடியட்டும்னேன்."

"ஒண்ணாந்தேதி சாவி குடுக்கறன்னு கையெழுத்துப் போட்டிருக்கறனுங்க. ஏழும் சேந்து இருந்தாத்தான் எடுப்பாங்க. ஒண்ணு கொறஞ்சா வேற எடம் பாத்துக்குவாங்க."

"வாயும் வவுறுமா இருக்கற புள்ள கண்ணு. நம்ம பக்கம் அந்த ஊட்டத் தொட மாட்டாங்க."

"அதெல்லாம் பாத்தா கம்பெனி ஓடாதுங்கப்பா. வேற ஊடு பாத்துக் குடுங்க, முன்பணம் நான் தந்தர்றேன்."

"நாங் குடுத்த வார்த்தை?"

"நீங்க குடுத்தீங்க, சரி. ஊடு யாருதுங்க?"

ங்க போட்டுத்தான் கேட்டான். குரலும் உயரவில்லை. எங்கள் ஊரில் கழுத்தை அறுப்பதும் மரியாதையாகத்தான்.

அடுத்த நாளிலிருந்து நான் வீடு தேடிப் போனேன். ஏழு வீடு கட்டியவன், தெருத் தெருவாக "ஊடு காலி இருக்குதுங்களா" என்று கேட்டுக்கொண்டு போனேன். எல்லாம் எனக்குத் தெரிந்த ஓனர்கள். ஒருவர் வாசலில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"என்னுங்க, லைன் வெச்சிருக்கறவரு ஊடு கேட்டு வர்றீங்க? பையன் தொரத்தி உட்டுட்டானா?"

"எனக்கில்லீங்க. வேண்டப்பட்ட ஒரு குடும்பத்துக்கு. நல்ல மனுசங்க."

"எத்தனை பேருங்க?"

"புருசன், பொண்டாட்டி. பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்குது."

"என்ன ஆளுங்க?"

"கட்டிங் மாஸ்டர் பாய் ஊடுங்க."

அவர் சற்று நேரம் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். பிறகு, "தண்ணி பத்தறதில்லீங்க. இருக்கறவங்களுக்கே சண்டை" என்றார். தொட்டி வழிந்துகொண்டிருந்தது.

இந்தப் பதிலை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எதிரில் நின்று கேட்டது அன்றுதான் முதல் தடவை. அடுத்த தெருவில் பெயிண்ட் என்றார்கள். அதற்கடுத்த தெருவில், பாய் என்றதற்கு ஒன்றும் சொல்லவில்லை, கர்ப்பிணி என்றதும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "பிரசவம் முடிச்சுட்டு வரச் சொல்லுங்க. இப்ப அந்தப் புள்ளய எடம் மாத்தி, ஏதாவது ஆச்சுன்னா எங்க ஊட்டு ராசின்னு பேராயிரும்." என் வீட்டில் அவளைக் காப்பாற்ற வேண்டிய வழக்கம், அடுத்த வீட்டில் அவளை உள்ளே விடாத வழக்கமாக இருந்தது. நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

வீடு கிடைக்கவில்லை என்று பாயிடம் போய்ச் சொல்ல எனக்குக் கால் வரவில்லை. ஒன்றாம் தேதிக் கெடு எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது, அவராகவே முடிவு செய்துவிட்டார். அந்தத் தேதிக்கு முன்னாலேயே ஒரு காரில் மகளைச் சாமளாபுரத்துக்கு, மாமியார் வீட்டுக்கே திருப்பி அனுப்பினார். அவள் அம்மா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழவில்லை. சுருட்டி வைத்திருந்த பழைய சேலைத் துணிகளை, பிறக்கப் போகும் குழந்தைக்காகத் துவைத்துக் காயவைத்த துணிகளை, பையோடு மகள் மடியில் வைத்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "போய்ட்டு வர்றேன் பெரியப்பா" என்றாள். வருவதற்கு அங்கே வீடு இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

பாயும் மனைவியும் சாமான்களை ஒரு சின்ன வண்டியில் ஏற்றி, மங்கலத்தில் அவர் தம்பி வீட்டுத் தறிக்கொட்டகைக்குப் பக்கத்து அறைக்குப் போனார்கள். போகும்போது வீட்டைக் கூட்டித் துடைத்து, சாவியை என் கையில் கொடுக்க வந்தார். நான் கையை நீட்டவில்லை. "பையன்கிட்டக் குடுத்துருங்க பாய்" என்றேன். அவர் சாவியையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தார். வீடு இப்போது என்னுடையதில்லை என்று பிறகு புரிந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

இப்போது லைனில் பையன்கள் இருக்கிறார்கள். நல்ல பையன்கள், இந்திப் பாட்டுப் போட்டுக்கொண்டு சப்பாத்தி தட்டுகிறார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. வாடகை தேதி தவறாமல் வருகிறதாம். வரி ஆபீசிலிருந்து ஒரு கேள்வியும் இல்லையாம். ஆடிட்டர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நிம்மதியா இருக்கீங்களாங்க?" என்று கேட்கிறார்.

கொஞ்ச நாள் கழித்து மங்கலத்தில் ஒரு டீக்கடையில் பாயைப் பார்த்தேன். பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். பேரன் பிறந்திருக்கிறான், தாயும் பிள்ளையும் சுகம் என்றார்.

"பாத்துட்டு வந்தீங்களா?"

"ஒருக்காப் போனமுங்கண்ணா. அவ அம்மா அப்பறம் போறதில்லை."

"ஏனுங்க பாய்?"

"சம்பந்தியம்மா ஒரு வார்த்தை சொல்லிப்போட்டாங்க. பிரசவம் பாக்க ஒரு ஊடு இல்லாதவங்க, புள்ளையப் பாக்க மட்டும் வர்றாங்கன்னு. தப்புச் சொல்ல முடியாதுங்க. அவங்க சொன்னது நெசந்தான."

டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் அவரிடம் திட்டு வாங்கத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன். வார்த்தை கொடுத்துவிட்டு ஏமாற்றினாய் என்று அவர் சொல்லியிருக்கலாம். கடையில் நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கலாம். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டிருப்பேன். வீட்டுக்காரனைத்தானே குடியிருந்தவன் திட்டுவான்.

அவர் என் முழங்காலில் கை வைத்தார்.

"உங்களைச் சொல்லிக் குத்தமில்லீங்கண்ணா. பாவம், உங்க கையில என்ன இருக்குது?"