இருபத்தேழு கட்டம், இருபத்தேழு காகிதம்

சேமிப்பறைப் பொறுப்பு என்னிடம் வந்ததற்குக் காரணம் என் திறமை அல்ல. வேறு எதற்கும் நான் லாயக்கில்லை என்று என் மகள் முடிவு செய்ததுதான் காரணம்.

நோய்க்குப் பயந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்த மாதங்கள் அவை. கோபாலபுரத்தில் நான் கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடமும் மூடிக்கிடந்தது. மந்தைவெளி வீட்டில் நானும் அவளும் மட்டும். அவள் அப்பா இறந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. திருத்த நோட்டு இல்லாத டீச்சரோடு ஒரே வீட்டில் அடைபட்டுக் கிடப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். மிளகாய்த்தூள் டப்பாவில் ஆரம்பித்து அவள் தலை வகிடு வரைக்கும் எல்லாவற்றையும் திருத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் பொறுக்க மாட்டாமல், தான் விளையாடும் கட்டை அடுக்கும் விளையாட்டுக்குள் என்னையும் இழுத்துவிட்டாள். அவள் லேப்டாப்பில், நான் அவள் அப்பாவின் பழைய கம்ப்யூட்டரில். அந்த உலகத்தில் எல்லாமே சதுரக் கட்டை. மண், மரம், மேகம், ஆடு, மாடு எல்லாம் சதுரம். தோண்டி எடுக்க வேண்டும், எடுத்ததை அடுக்கி வீடு கட்ட வேண்டும், இருட்டியதும் வருகிற பிசாசுகளிடம் மாட்டாமல் இருக்க வேண்டும்.

நான் மாட்டினேன். முதல் வாரத்தில் மட்டும் பதினோரு தடவை செத்தேன். ஒரு தடவை நானே தோண்டிய குழியில் விழுந்து செத்தேன். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, தயவுசெஞ்சு நீ வெளியவே வராத. ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கோ" என்றாள்.

அங்கேதான் எனக்குப் பிடி கிடைத்தது. ஒரு மரப்பெட்டியில் இருபத்தேழு கட்டங்கள், ஒன்பது ஒன்பதாக மூன்று வரிசை. ஒரே மாதிரிப் பொருளாக இருந்தால் ஒரு கட்டத்தில் அறுபத்து நான்கு அடுக்கலாம். ஆக ஒரு பெட்டிக்கு ஆயிரத்து எழுநூற்று இருபத்தெட்டு. ஒன்றுக்குமேல் சேர்ந்துவிட்டால், எத்தனை என்று பொருளின் ஓரத்தில் எண் விழும். இரண்டு பெட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒட்டிக்கொண்டு ஒரே பெரிய பெட்டியாகிவிடும். முட்டை மட்டும் கட்டத்துக்குப் பதினாறுதான். வாளோ கட்டிலோ என்றால் ஒன்றே ஒன்றுதான், முழுக் கட்டத்தையும் அடைத்துக்கொள்ளும். அறுபத்து நான்கு பாறாங்கல்லுக்கும் ஒரு கட்டம், ஒரு வாளிப் பாலுக்கும் ஒரு கட்டமா? இந்த அநியாயத்தை யார் எழுதிவைத்தார்கள் என்று எனக்குக் கோபமே வந்தது. கோபித்துக்கொண்டே கட்டம் போட்ட நோட்டு ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்தேன்.

கோட்டைச் சுவர் கட்டும்போது அவள் ஒரு கணக்குச் சொன்னாள்: "பக்கத்துக்கு நாப்பது கல்லு, நாலு பக்கம், ஆறு வரிசை உயரம். தொள்ளாயிரத்து அறுபது எடுத்து வைம்மா."

"மூலைக் கல்லை ரெண்டு தடவை எண்ணிட்டே. இருபத்து நாலு கழி. தொள்ளாயிரத்து முப்பத்தாறு. பதினஞ்சு கட்டம், கடைசிக் கட்டத்துல நாப்பது."

அவள் கட்டி முடித்தபோது கையில் ஒரு கல் மிச்சமில்லை. "நீ ஒரு ஆளும்மா" என்றாள். நல்லாசிரியர் விருது கொடுத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

பிறகு கதவெல்லாம் திறந்தது. அவள் படிப்பை முடித்து இங்கேயே இரண்டு வருடம் வேலை பார்த்தாள். அப்புறம் கனடாவில் வேலை கிடைத்தது. தி. நகரில் இரண்டு பெரிய பெட்டிகள் வாங்கினோம். பெட்டிக்கு இருபத்து மூன்று கிலோ. அங்கே கட்டக் கணக்கு செல்லாது, எடைதான் கணக்கு. குளியலறை எடை மெஷின்மேல் பெட்டியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஊறுகாயை எடுத்து ஸ்வெட்டரை வைத்தேன், ஸ்வெட்டரை எடுத்து ஊறுகாயை வைத்தேன், கடைசியில் இரண்டையும் வைத்துவிட்டு அவளுடைய பைபிளைக் கைப்பையில் திணித்தேன். விமான நிலையத்தில், "போய்ட்டு வா. எனக்கென்ன, நான் ஜம்முனு இருப்பேன்" என்றேன். ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்துவைத்திருந்த வாக்கியம் அது. திரும்பி வரும்போது சைதாப்பேட்டை பாலம் வரைக்கும் அழுதேன். டிரைவர் பாட்டுச் சத்தத்தைக் குறைத்தார். அவருக்குத் தெரிந்துவிட்டதே என்று இன்னும் அழுகை வந்தது.

போவதற்குமுன் எங்கள் உலகத்தை அவள் ஒரு வாடகை சர்வரில் ஏற்றிவைத்திருந்தாள். அவள் இல்லாதபோதும் நான் உள்ளே போகலாம், நான் இல்லாதபோது அவளும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி எங்கள் நேரம். அவளுக்கு அப்போது காலை. அவள் சுரங்கத்திலிருந்து கொண்டுவந்து கொட்டுவதை நான் பிரித்து அடுக்குவேன். "எப்படிடி இருக்கே?" "சூப்பரா இருக்கேன்மா. நீ?" "எனக்கென்ன?" இதுதான் பேச்சு. இதற்குமேல் இருவரும் ஒரு வார்த்தை போக மாட்டோம்.

முதல் குளிர்காலம் முடிந்ததும் அவள் விளையாட்டுக்குள் வருவது குறைந்தது. வேலை ஜாஸ்தி என்றாள். ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் வரும், பத்து நிமிடம். நான் மாதா கோயிலில் பூசைக்குப் போய்வந்து, சமைத்து, சாப்பிட்டு, சாயங்காலம் தனியாக உள்ளே போய் உட்கார்ந்திருப்பேன். அடுக்குவதற்குப் புதிதாக ஒன்றும் இருக்காது. அடுக்கியதையே மறுபடி அடுக்குவேன். அவளுடைய கட்டை உருவம் வாசலில் வந்து குதித்துக் குதித்து நிற்குமே, அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஏக்கமாக இருந்தது. வாடி என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவள் அங்கே நிம்மதியாக இருக்க மாட்டாள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். வழக்கம்போல வேளச்சேரிப் பக்கம் தண்ணீர் ஏறிவிட்டது, பாதி டீச்சர்கள் அங்கிருந்துதான் வர வேண்டும். மத்தியானம் எனக்கு வேலை ஒன்றும் ஓடவில்லை. சரி, கோட்டை முழுவதையும் ஒரு தடவை எண்ணிவிடலாம் என்று நோட்டோடு உட்கார்ந்தேன். என் சேமிப்பறையை முடித்துவிட்டு அவள் அறைக்குப் போனேன். கட்டிலுக்குப் பின்னால் ஒரு பெட்டி. என் நோட்டில் இல்லாத பெட்டி.

திறந்தால் உள்ளே வெறும் காகிதம். இருபத்தேழு கட்டம், கட்டத்துக்கு ஒரே ஒரு காகிதம். அறுபத்து நான்கு காகிதம் ஒரு கட்டத்தில் அடங்கும்! ஒரு கட்டத்தில் முடிய வேண்டியதற்கு ஒரு முழுப் பெட்டியா? இவளுக்கு இத்தனை வருடம் என்னத்தைச் சொல்லிக்கொடுத்தேன் என்று வாய்விட்டே திட்டினேன். மேல் வரிசை ஒன்பதையும் என் பைக்குள் எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். சேரவில்லை. ஒன்றை வைத்தால் இன்னொன்று கையோடு வந்துவிட்டது. மழையில் நெட் சரியில்லை என்று நினைத்தேன். காகிதம் என்ன பெரிய பொருளா, கரும்பிலிருந்து செய்துகொள்ளலாம், மூன்று பெரிய பெட்டி நிறையக் கரும்பு இருக்கிறது. குப்பை எரிக்க நாங்கள் வெட்டிவைத்த நெருப்புக்குழி கீழே இருந்தது. இறங்கிப் போய் ஒன்பதையும் அதில் வீசினேன். புஸ் புஸ் என்று எரிந்தன. இரண்டாவது வரிசைக்காக மேலே ஏறி வந்தேன்.

அப்போது போனில் மெசேஜ் சத்தம். நாளைக்கும் விடுமுறையா என்று பார்ப்பதற்காக, தலையில் ஏற்றிவைத்திருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினேன். விடுமுறைதான். கண்ணாடியோடு நிமிர்ந்து திரையைப் பார்த்தேன். மவுஸின் அம்பு முனை காகிதத்தின்மேல் நின்றிருந்தது. காகிதத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்.

"ரசம் வெச்சேன். உன்னுது மாதிரி வரல."

அடுத்த கட்டத்துக்குப் போனேன். "மூணு நாளா யார்கூடவும் பேசல." அடுத்தது. "பஸ்ல ஒரு அம்மா உன் பவுடர் வாசனை." அடுத்தது. "நல்லா இருக்கேன்னு சொன்னது பொய்."

பதினெட்டையும் படித்தேன். ஒவ்வொன்றும் ஒரு வரிதான், அந்தக் காகிதத்துக்கு அவள் வைத்த பெயர். எண்ணத் தெரிந்த எனக்குப் படிக்கத் தோன்றவில்லை. பொருளுக்குப் பெயர் எழுத அந்த உலகத்தில் ஒரு பட்டறைக்கல் உண்டு. ஒவ்வொரு தடவை எழுதவும் அனுபவப் புள்ளி செலவாகும், அதைப் பிசாசுகளோடு சண்டை போட்டுத்தான் சம்பாதிக்க வேண்டும். அந்த வேலை எதிலும் நான் தலையிட்டதே இல்லை. இருபத்தேழு தடவை சண்டை போட்டு என் பிள்ளை எழுதிவைத்ததில் முதல் ஒன்பதை நான் இடத்தை அடைக்கிறதென்று எரித்துவிட்டேன். அவள் போன புதிதில் எழுதியவை அவையாகத்தான் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் முன்னால் மார்பில் அடித்துக்கொண்டு அழுதேன்.

ஆறரை மணி வரை காத்திருந்து போன் செய்தேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"மேல் வரிசைல என்னடி எழுதியிருந்தே?"

"பார்த்துட்டியா?" என்றாள்.

"பார்க்காமலே எரிச்சிட்டேன். ஒன்பதையும். ஏன் சேரலன்னு தெரியாம."

எதிர்பாராமல் சிரித்தாள். "பேர் எழுதின காகிதம் சேராதும்மா. எழுத்துக்கு எழுத்து அதே பேரா இருந்தாத்தான் ஒண்ணோட ஒண்ணு சேரும்."

"என்ன எழுதியிருந்தே, சொல்லு."

"ஞாபகமில்லம்மா. நெஜமாவே. எப்படியும் ஒருநாள் நீ எண்ணிக்கிட்டே வந்து பார்ப்பேன்னுதான் அங்க வெச்சேன்."

"இதை வாயால சொல்ல என்னடி?"

"நீ சொன்னியா?" என்றாள். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.

மறுநாளும் மழை. நான் வாளை எடுத்துக்கொண்டு சேமிப்பறையை விட்டு வெளியே போனேன். ஆறு தடவை செத்தேன். ஏழாவது தடவை, கோட்டை மூலையில் முதுகைக் கொடுத்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு பட்டனைத் தட்டித் தட்டி இரண்டு பிசாசுகளைக் கொன்றேன். அதற்குள் சாயங்காலக் கோயில் மணியும் அடித்துவிட்டது. பட்டறைக்கல்லில் காகிதத்தை வைத்து என்ன எழுதுவது என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஐம்பது எழுத்துக்குமேல் போகக்கூடாதாம். அவ்வளவு தேவைப்படவில்லை.

"நீ இல்லாம எனக்கு நல்லா இல்ல."

காலியாகக் கிடந்த மேல் வரிசையின் முதல் கட்டத்தில் அதை வைத்துப் பெட்டியை மூடினேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரம் வகுப்பில் இரண்டு கணக்கைத் தப்பாகப் போட்டேன். பிள்ளைகள் பயந்துபோய்த் திருத்தினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்கு உள்ளே போனேன். அவள் வாசலில் இல்லை. நேராக அவள் அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். மேல் வரிசையில் புதிதாக எதுவும் இல்லை. முதல் கட்டத்தில் என் காகிதம், பிறகு எட்டுக் காலிக் கட்டங்கள். அவளுக்கு எங்கே நேரம் என்று மூடப் போனேன். கண்ணாடி போட்டுத்தான் இருந்தேன். என் காகிதத்தின் ஓரத்தில், நான் வைத்தபோது இல்லாத ஒரு சின்ன எண் இருந்தது.

2.